விருப்பப்பாடம் தேர்ந்தெடுக்கும் சட்ட மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்கும், படிக்கப் போகும் மாணவர்களுக்கு,



பருவம் தொடங்கும் முன்பே விருப்பப்பாடப் பட்டியல் கைக்கு வந்துவிடுகிறது. மாஸ்ட்ரிக்ட், லுண்ட், பிராங்பர்ட் என்று ஊர் மாறினாலும் பட்டியலின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வரிசையில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், இன்னொன்றில் மனித உரிமை, மூன்றாவதில் வங்கி, மூலதனச் சந்தை, நிதி ஒழுங்குமுறை. அதைப் பார்த்ததுமே மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்ததும் வேலை, சம்பளம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிதிப் பக்கம் சாய்கிறார்கள். அகதி, சிறைவாசி, சிறுபான்மையினர் என்று மனசு இழுக்கிறவர்கள் உரிமைப் பக்கம் போகிறார்கள். ஒன்றியச் சட்டத்தை இரு தரப்பும் கடமைக்குப் படித்துத் தள்ளுகிறது. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முதுகலைக்குப் போகிறவர்களும் சரி, பாரிசிலும் சூரிச்சிலும் ஆஸ்லோவிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் சரி, இதற்கு விலக்கல்ல.

இந்தப் பிரிவினையால் இரு அணிக்கும் நஷ்டம். நிதியை மட்டும் படித்தவர் தன் கட்சிக்காரரின் கடன் பத்திரத்தில் ஒளிந்திருக்கும் உரிமையைத் தவறவிடுகிறார். உரிமையை மட்டும் படித்தவர் அந்த உரிமை எந்த வட்டி விகிதத்தில் பறிபோகிறது என்று தெரியாமல் வாதாடுகிறார். மூன்று வரிசையிலிருந்தும் ஒன்றையாவது எடுத்துப் படியுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல். காரணங்கள் நீதிமன்ற ஏடுகளில் இருக்கின்றன.

முதலில் ஊல்ம் நகரத்து வெண்ணெய். 1960-களின் இறுதியில் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் கிடங்குகளில் வெண்ணெய் தேங்கிக் கிடந்தது. சமூக உதவி பெறுகிறவர்களுக்கு அதைச் சலுகை விலையில் விற்கலாம் என்று 1969-இல் ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. மேற்கு ஜெர்மனியில் அதற்கான சீட்டில் பயனாளியின் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். போரில் ஊனமுற்று உதவித்தொகை பெற்றுவந்த ஒருவர் இதை ஏற்கவில்லை. கடைக்காரர் முன்னால் பெயரோடு சீட்டை நீட்டினால் தான் அரசு உதவியில் வாழ்கிறவர் என்பது ஊருக்கே தெரிந்துவிடும், இது தன் கண்ணியத்துக்கு இழுக்கு என்று வழக்குப் போட்டார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஆணையத்தின் முடிவுக்குப் பெயர் எழுதியே தீர வேண்டும் என்று பொருள் இல்லை என 1969 நவம்பர் 12 அன்று நீதிமன்றம் சொன்னது. அதோடு, ஐரோப்பியச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளுக்குள் அடிப்படை உரிமைகளும் அடங்கும், அவற்றைக் காப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு என்றும் ஒரு வரி எழுதியது.

1957-இன் ரோம் ஒப்பந்தத்தில் உரிமைகளுக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. சுங்கம், விவசாயம், போட்டி, மூலதனம் என்று முழுக்க முழுக்கச் சந்தை விவகாரம். அந்தச் சந்தைக்குள்ளிருந்துதான், அதுவும் ஒரு வெண்ணெய்ச் சீட்டிலிருந்துதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிமைச் சட்டம் முளைத்தது. வெண்ணெய்த் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கு. மக்காச்சோள மாவு ஏற்றுமதிக்கு உரிமம் வாங்கிய ஒரு ஜெர்மன் நிறுவனம், குறித்த காலத்துக்குள் முழு அளவையும் அனுப்பவில்லை. கட்டிய வைப்புத்தொகையில் ஒரு பகுதி பறிமுதலானது. இது எங்கள் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று நிறுவனம் வாதிட்டது. 1970 டிசம்பரில் வந்த தீர்ப்பில் நிறுவனம் தோற்றது. ஆனால் அடிப்படை உரிமை பற்றிய கோட்பாடு இன்னும் அழுத்தமாக நிலைநாட்டப்பட்டது. அது போதாது என்று 1974-இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் முரண்டு பிடித்தது. அந்த இழுபறியின் நீண்ட பயணத்தில் 2000-இல் அடிப்படை உரிமைகள் சாசனம் அறிவிக்கப்பட்டது. 2009 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது சாசனமும் சட்டமாக நின்றது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள்கூட இதில் தடுக்கி விழுகின்றன. லக்சம்பர்க்கில் இருப்பது 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். அது ஐரோப்பிய கவுன்சில் என்ற வேறு அமைப்பின் கீழ் வருகிறது. 2022-இல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பிறகு அந்த அமைப்பில் 46 நாடுகள். 1950-இல் ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கையை ஸ்ட்ராஸ்பர்க் காக்கிறது, ஒன்றியத்தின் ஒப்பந்தங்களையும் சாசனத்தையும் லக்சம்பர்க் காக்கிறது. ஒன்றியமே அந்த உடன்படிக்கையில் சேரும் முயற்சியை 2014 டிசம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. மனித உரிமைப் பாடத்தை மட்டும் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராஸ்பர்க்கோடு நின்றுவிடுகிறார்கள். வங்கியும் கடனும் சந்திக்கும் உரிமை வழக்குகள் நிறைய நடப்பது லக்சம்பர்க்கில்.

அப்படி ஒன்று அஜீஸ் வழக்கு. எந்த வரிசைப் பாடத்தை எடுத்தவரும் முழுசாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. மொராக்கோவிலிருந்து வந்து 1993 முதல் ஸ்பெயினில் உழைத்த ஒருவர், பார்சலோனாவுக்கு அருகில் மார்டோரெல் ஊரில் குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்கினார். 2007 ஜூலையில் கட்டலூன்யாகைஷா வங்கியில் வீட்டை அடமானம் வைத்து 1,38,000 யூரோ கடன். அப்போது அவருடைய மாத வருமானம் சுமார் 1,341 யூரோ. 33 ஆண்டுகளில் 396 தவணை. தவணை தவறினால் ஆண்டுக்கு 18.75 சதவீதத் தாமத வட்டி. ஒரு குறிப்பிட்ட கெடுவைத் தாண்டினால் முழுக் கடனையும் ஒரே நேரத்தில் கேட்க வங்கிக்கு உரிமை. பாக்கி எவ்வளவு என்பதை வங்கி தானே கணக்குப் போட்டு நோட்டரியிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

2008 ஜூனிலிருந்து அவரால் கட்ட முடியவில்லை. ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் சரிந்த ஆண்டு அது. அக்டோபரில் வங்கி கணக்கை முடித்து 1,39,764 யூரோ பாக்கி என்றது. 2010 ஜூலையில் வீடு ஏலத்துக்கு வந்தது, கேட்பார் இல்லை. சட்டப்படி மதிப்பில் பாதி விலைக்கு வங்கியே எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரி 20 அன்று அதிகாரிகள் வந்து அவரை வெளியேற்றினார்கள். வீடும் போனது, கடனும் தீரவில்லை.

இந்த வழக்கின் உயிர்நிலை நடைமுறையில் இருக்கிறது. ஜப்தி நடத்தும் நீதிமன்றத்தில் ஒப்பந்த விதி நியாயமற்றது என்று வாதிட ஸ்பெயின் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த வாதத்துக்குத் தனி வழக்குப் போட வேண்டும். தனி வழக்கைக் கேட்கும் நீதிபதிக்கோ ஜப்தியை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. அவர் ஜெயித்தாலும் கிடைக்கப்போவது நஷ்டஈடுதான், வீடு கிடையாது. பார்சலோனாவின் மூன்றாம் வணிக நீதிமன்றத்து நீதிபதி, இது ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒத்துவருமா என்று லக்சம்பர்க்குக் கேள்வி அனுப்பினார். கையில் இருந்தது நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற விதிகள் பற்றிய 1993-ஆம் ஆண்டு ஐரோப்பிய உத்தரவு. மனித உரிமை வகுப்புகளில் யாரும் திறந்துகூடப் பார்க்காத உத்தரவு அது. 2013 மார்ச் 14 அன்று வந்த தீர்ப்பு, ஸ்பெயின் நடைமுறை அந்த உத்தரவுக்கு முரணானது என்றது. இரண்டே மாதத்தில் ஸ்பெயின் தன் அடமானச் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

வெளியேற்றங்களுக்கு எதிராகத் தெருவில் நின்ற மக்கள் இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும் சட்டத்தில் ஓட்டை விழவில்லை. அந்த ஓட்டையைப் போட்டது வணிக நீதிமன்றத்து நீதிபதி ஒருவரின் கேள்வி. தெருப் போராட்டம் இல்லாமல் அந்தத் தீர்ப்புக்கு இவ்வளவு வேகத்தில் பலன் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

அதற்கடுத்த ஆண்டு ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த குஷியோனோவா வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தது. பத்தாயிரம் யூரோ கடனுக்கு ஈடு, குடும்பம் வாழும் வீடு. குடியிருக்கும் வீட்டுக்கான உரிமை சாசனத்தின் 7-ஆம் பிரிவால் காக்கப்படும் அடிப்படை உரிமை, நுகர்வோர் உத்தரவைப் பொருள்கொள்ளும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கடன் சட்டமும் உரிமைச் சாசனமும் ஒரே பத்தியில் சந்தித்த இடம் அது. பிறகு போலந்தில் சுவிஸ் பிராங்க் மதிப்போடு கோத்துக் கொடுக்கப்பட்ட வீட்டுக் கடன்கள் பற்றி 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போலந்து நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. வங்கித் தரப்புக்கும் கடன்காரர் தரப்புக்கும் அவ்வளவு வக்கீல்கள் தேவைப்பட்டார்கள். வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிற மாணவர்கள் இதையும் கவனிக்கலாம்.

உரிமை அணிக்கு ஒரு கசப்பான செய்தி: பணத்தின் கணக்கு புரியாவிட்டால் பல இடங்களில் தோல்விதான். 2012-இல் கிரீஸ் தன் கடன் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை வெட்டியது. பெரிய வங்கிகளோடு சேர்ந்து, சேமிப்பை அரசுப் பத்திரத்தில் போட்டுவைத்த சாதாரண மக்களும் மாட்டிக்கொண்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2016 ஜூலையில் நீதிமன்றம் சொத்துரிமை மீறப்படவில்லை என்றது. நாடே திவாலாகும் நிலையில் பத்திரத்தின் நிஜ மதிப்பு என்ன, பெரும்பான்மைப் பத்திரதாரர்கள் சம்மதித்தால் சிறுபான்மையினரையும் கட்டுப்படுத்தும் விதி எப்படி வேலை செய்கிறது என்பவையே வழக்கின் போக்கைத் தீர்மானித்தன. இதில் பாதி, மூலதனச் சந்தைப் பாடத்தில் வரும் சமாச்சாரம்.

சைப்ரஸ் கதை இதைவிடக் கூர்மையானது. 2013 மார்ச்சில் அங்கே வங்கிகள் கதவை மூடின. ஒரு லட்சம் யூரோவுக்குக் குறைவான சேமிப்பிலும் கை வைக்கும் முதல் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. இரண்டாவது திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வைப்புகள் அடி வாங்கின. சைப்ரஸ் வங்கியில் அப்படிப்பட்ட பணத்தில் 47.5 சதவீதம் வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. வைப்பாளர்கள் லக்சம்பர்க் போனார்கள். உதவி நிதியை வழங்கிய அமைப்பு ஒன்றிய ஒப்பந்தங்களுக்கு வெளியே உருவானது, அதனால் சாசனம் பொருந்தாது என்ற வாதம் எதிரில் நின்றது. 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, அந்த அமைப்புக்காக எந்த வேடத்தில் வேலை செய்தாலும் ஐரோப்பிய ஆணையத்தைச் சாசனம் கட்டுப்படுத்தும் என்றது. வைப்பாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நெருக்கடியில் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் ஆணைய அதிகாரிக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு நிற்கும். தோற்ற வழக்குகளைப் படிக்காத மாணவருக்கு இந்த நுட்பம் பிடிபடாது.

தமிழ் மாணவர்களுக்கு நெருக்கமான ஏடு ஒன்றும் லக்சம்பர்க்கில் இருக்கிறது. அதற்கு முன்னோடி காதி வழக்கு. ஐ.நா. பாதுகாப்பு அவையின் பட்டியலில் பெயர் வந்ததால் 2001-இல் ஒரு சவூதி தொழிலதிபரின் ஐரோப்பியச் சொத்துகள் முடக்கப்பட்டன. என்ன ஆதாரம் என்று அவரிடம் சொல்லவில்லை, பதில் சொல்லவும் வாய்ப்பில்லை. பாதுகாப்பு அவையே சொன்னாலும் ஒன்றியத்துக்குள் அதை நிறைவேற்றும் சட்டம் அடிப்படை உரிமைச் சோதனையைத் தாண்ட வேண்டும் என்று 2008 செப்டம்பர் 3 அன்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழியில் வந்தது தமிழீழ விடுதலைப் புலிகள் வழக்கு. 2006 மே மாதம் ஒன்றியம் அந்த அமைப்பைத் தன் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்து நிதியை முடக்கியது. 2014 அக்டோபர் 16 அன்று லக்சம்பர்க்கின் கீழ்நிலை அமர்வான பொது நீதிமன்றம் அந்த நடவடிக்கைகளை ரத்து செய்தது. தகுதி வாய்ந்த அதிகாரிகளின் முடிவுகளை ஆதாரமாகக் கொள்ள வேண்டிய இடத்தில் பத்திரிகைச் செய்திகளையும் இணையத்தில் கிடைத்ததையும் வைத்து முடிவெடுத்தார்கள் என்பதே காரணம். இந்திய அதிகாரிகளின் முடிவை எடுத்துக்காட்டும் முன், அந்நாட்டுச் சட்டத்தில் தற்காப்பு உரிமைக்கு ஒன்றியத்துக்கு இணையான பாதுகாப்பு இருக்கிறதா என்று கவனமாகச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலின் (ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய கவுன்சில் அல்ல) மேல்முறையீடு 2017 ஜூலை 26 அன்று தள்ளுபடியானது.

அந்தச் செய்தி வந்தபோது தமிழ் ஊடகங்கள் பலவும் தடை நீங்கிவிட்டது என்ற தொனியில் எழுதின. அது சரியல்ல. அமைப்பு எப்படிப்பட்டது என்பது பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நடைமுறைக் குறையைத்தான் பிடித்தது. கவுன்சில் புதிய அடிப்படையோடு அமைப்பை மீண்டும் பட்டியலில் வைத்தது. பின்னர் தொடுத்த ஒரு வழக்கை 2021 நவம்பரில் அதே பொது நீதிமன்றம் நிராகரித்தது. தடைப்பட்டியல் சட்டம் வங்கிக் கணக்கைத் தொடும் நிதிச் சட்டம், குற்றச்சாட்டைக் கேட்டறியும் உரிமையைத் தொடும் மனித உரிமைச் சட்டம், கவுன்சிலின் அதிகார எல்லையைத் தொடும் ஒன்றியச் சட்டம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்த தமிழர் பத்துப் பேர் இருந்திருந்தால் அந்த நாட்களில் நம் சமூகத்துக்குச் சரியான விளக்கம் கிடைத்திருக்கும். இந்த மடலுக்குப் பின்னால் உள்ள ஆதங்கத்தில் பெரும் பங்கு இதுதான்.

இலங்கை மாணவர்களுக்கு இன்னொரு சேதி. இலங்கையின் ஆடைகள் ஐரோப்பாவுக்குள் சுங்க வரியின்றி நுழைவதற்கான ஜிஎஸ்பி பிளஸ் சலுகை 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. குடிமை உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, குழந்தை உரிமைகள் பற்றிய மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை இலங்கை சரியாக நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணை கண்டது. சலுகை திரும்பியது 2017 மே மாதத்தில். சிறைக்குள் நடந்தது ஏற்றுமதியாளரின் கணக்குப் புத்தகத்தில் ஏறிய கதை அது. வர்த்தகச் சட்டம் வறண்ட பாடம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

ஒரு பாடத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மாக்ஸ் ஷ்ரெம்ஸ் பதில். வியன்னாவில் சட்டம் படித்தவர் 2011-இல் ஒரு பருவம் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தனியுரிமை பற்றிய வகுப்பு ஒன்றில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் வக்கீல் பேச வந்தார். ஐரோப்பியச் சட்டத்தை அவர் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார் என்று கண்ட ஷ்ரெம்ஸ், பருவக் கட்டுரைக்கு அதையே எடுத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டார். குறுந்தகட்டில் வந்தது 1,200 பக்கத்துக்கு மேல். அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன. அயர்லாந்தில் கொடுத்த புகார் வளர்ந்து, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டையே 2015 அக்டோபரில் லக்சம்பர்க் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்து வந்த ஏற்பாடும் 2020 ஜூலையில் விழுந்தது.

உரிமையின் பெயரால் வரும் எல்லாத் தீர்ப்பையும் கைதட்டி வரவேற்க வேண்டியதில்லை. நிறுவனங்களின் நிஜ உரிமையாளர் யார் என்ற பதிவேட்டைப் பொதுமக்கள் எல்லோரும் பார்க்கலாம் என்ற விதியை 2022 நவம்பரில் நீதிமன்றம் தனியுரிமையைக் காட்டி ரத்து செய்தது. லக்சம்பர்க் பதிவேட்டைத் தோண்டித்தான் அதற்கு முந்தைய ஆண்டு பத்திரிகையாளர்கள் அங்கே குவிந்த செல்வத்தை அம்பலப்படுத்தியிருந்தார்கள். பத்திரிகையாளருக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் நியாயமான அக்கறை உண்டு என்று தீர்ப்பு ஒப்புக்கொண்டாலும், பல நாடுகள் உடனே பதிவேட்டின் கதவைச் சாத்தின. நீதிமன்றம் இங்கே தராசைத் தவறான பக்கம் சாய்த்துவிட்டது என்பதே இந்த மடலின் கருத்து. உடன்படாத மாணவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தையும் சாசனத்தின் 7, 8 பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு மறுத்து எழுதட்டும்.

சரி, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடம் என்றால் குறைந்தது 150 மணி நேரம். சீனியர் சொன்னார், வெள்ளிக்கிழமை வகுப்பில்லை, தேர்வு சுலபம் என்பதற்காக அவ்வளவு நேரத்தைக் கொடுக்க வேண்டாம். பாடத்திட்டத்தின் வாசிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தீர்ப்புகள் முழுசாக இருக்கின்றனவா, சுருக்கம் மட்டும்தானா? நிதிப் பாடத்தில் சாசனம் ஒரு வாரமாவது வருகிறதா? உரிமைப் பாடத்தில் ஒரு கடன் ஒப்பந்தத்தையாவது, ஒரு தடைப்பட்டியலையாவது கையில் கொடுத்துப் படிக்கவைக்கிறார்களா? இல்லையென்றால் ஆசிரியரிடம் நேரில் போய், பருவக் கட்டுரையை மற்ற வரிசையின் தலைப்பில் எழுதலாமா என்று கேளுங்கள். தீர்ப்புகளுக்குக் காசு தர வேண்டியதில்லை. லக்சம்பர்க்கின் முக்கியத் தீர்ப்புகள் ஒன்றியத்தின் மொழிகளிலும், ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சிலும் இணையத்தில் இலவசம். ஊல்ம் வெண்ணெய்த் தீர்ப்பு சில பக்கம்தான்.

கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இரண்டு. ஒன்று, ஜெர்மனியில் ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று மதிப்பெண் போடும் ஷூஃபா நிறுவனம். வங்கி அந்த எண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், எண் போடுவதே மனிதத் தலையீடு இல்லாத முடிவாகிவிடும், தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு அதற்கும் உண்டு என்று 2023 டிசம்பர் 7 அன்று நீதிமன்றம் சொன்னது. புதிதாகக் குடியேறி வந்தவருக்கு வாடகை வீடு கிடைப்பதுகூட அந்த எண்ணை ஒட்டி நிற்கிறது. இன்னொன்று டிஜிட்டல் யூரோ. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்வைத்த வரைவில், இணைய இணைப்பில்லாமல் கைமாறும் சிறு தொகைகளுக்கு ரொக்கத்துக்கு நிகரான மறைவு தரப்படும் என்றும், ஒருவர் வைத்திருக்கும் தொகைக்கு உச்சவரம்பு வரும் என்றும் இருக்கிறது. ஒரு மூதாட்டி மருந்துக்கடையில் என்ன வாங்கினார் என்பதை யார் யாரெல்லாம் பார்க்கலாம், எந்தப் பிரிவின் கீழ், எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்விகளை அந்த வரைவை வரிவரியாகப் படித்து எழுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்